மான் பார்த்த திசை

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு புள்ளிமானின் படம் மாட்டியிருக்கிறது. கழுத்துக்கு மேல் முகம் மட்டும். கண்ணின் ஈரமும் மூக்கைச் சுற்றியுள்ள ரோமங்களும் தனித்தனியாகத் தெரியும். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: மான் ஏன் கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கிறது? "மான்தானே, அதோட இஷ்டம்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விடுவேன். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஆம்பூரில் எங்களோடு இருந்த சித்தப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல்களைத் தூக்கி வெளியே போடுவது அவர் வேலை. சாயங்காலம் வந்தால் சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்துகொள்வார். அந்தத் தொட்டியை விட்டு வெளியே வர அவருக்குத் தெரிந்த ஒரே வழி, கடைத்தெருவில் அவருடைய தோஸ்த் நடத்திவந்த போட்டோ ஸ்டூடியோ. கல்யாணங்களுக்குப் படம் எடுக்க அங்கே ஓர் ஆள் தேவைப்பட்டது.

"தோல் தூக்கற கை ஆடும்டா. தாலி கட்றப்ப ஆடிச்சின்னா, மறுபடி கட்டுன்னு சொல்ல முடியுமா?" என்று ஸ்டூடியோக்காரர் சிரித்தார். பிறகு மனம் இரங்கி, மூலையில் கிடந்த ஒரு பழைய கேமராவைக் கொடுத்தார். "ஸ்டாண்டு இல்லாம, காட்டு மிருகம் ஒண்ண கிட்டப் போய் எடு. மூஞ்சி சுத்தமா வந்துச்சின்னா மறுநாளே வேலைக்கு வா."

தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் லென்ஸ் அதில் இல்லை. ஆள்தான் கிட்டே போக வேண்டும்.

ஃபிலிம் போடாமலே சித்தப்பா பழகினார். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, இடது உள்ளங்கையில் லென்ஸைத் தாங்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானை அமுக்குவார். சுவர்ப் பல்லி, பக்கத்து வீட்டு ஆடு, அடுப்படியில் அம்மா. "எம்மூஞ்சி காட்டு மிருகமா?" என்று அம்மா கரண்டியை ஓங்குவாள். அவர் தூங்கிப்போனதும் நான் கேமராவை எடுத்து, அவர் செய்த மாதிரியே செய்து பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலங்காயம் போவோம். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அவர் படிக்கட்டில் நின்றே வருவார். காட்டோரம் ஒரு குட்டை இருந்தது. மான்கள் தண்ணீருக்கு வரும். சித்தப்பா புதருக்குப் பின்னால் தவழ்ந்து பாதி தூரம் போவதற்குள் ஒரு மான் தலையைத் தூக்கும், காலைத் தரையில் தட்டும், அவ்வளவுதான், எல்லாம் போய்விடும். முதலில் என் செருப்பின் மேல் பழி விழுந்தது. அடுத்து என் சிவப்பு ரிப்பன். அதற்கடுத்து என் இருமல்.

"உன்னால பேஜாரா பூட்ச்சி பாப்பா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் குட்டையின் அந்தக் கோடியில், ஒரு பாறைக்குப் பின்னால் தனியே உட்காரவைத்தார். அன்று மான்கள் நேராக என் பக்கம் வந்தன. அவை தண்ணீர் உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது. சித்தப்பா என்னை நோக்கி நகர்ந்ததும் எல்லாம் ஒன்றாக மூக்கைத் தூக்கின; ஓடிவிட்டன.

"என் இருமல் இல்ல சித்தப்பா! நீ வந்தப்பதான் ஓடிச்சி" என்றேன், வெற்றியோடு.

அவர் சட்டைக் காலரை இழுத்து முகர்ந்து பார்த்தார். துவைத்த சட்டைதான்.

"அதுக்குமா தெரியுது?" என்றார்.

"இன்னா தெரியுது?"

எங்கள் தெருவில் பாதிப் பேர் டேனரிக்குப் போகிறவர்கள். அந்த வாசனை எங்களுக்கு ஒரு வாசனையே இல்லை. அவர் கேமராவை என் கழுத்தில் மாட்டினார். "முழங்கைய ஒட்டிக்க. மூச்ச பாதி வுடு" என்று மட்டும் சொல்லிவிட்டு எட்டப் போய், ஒரு மரத்தடியில் களைத்து நின்றார்.

வெயில் தாழ்ந்தபோது ஒரு மான் திரும்பி வந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. மூச்சைப் பாதி விட்டேன். அப்போது காற்று திரும்பியது. மான் மரத்தடிப் பக்கம் முகத்தைத் திருப்பியது. பொத்தானை அமுக்கினேன்.

பிரிண்ட் போட்ட ஸ்டூடியோக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். "கொஞ்சங்கூட ஆடலியேடா! நாளைக்கே வந்துடு. ஆமா, அது ஏன் அந்தாண்ட பாக்குது? யாரு நின்னது அங்க?"

"நாந்தான்" என்றார் சித்தப்பா.

"அப்ப எடுத்தது?"

"பாப்பா."

ஸ்டூடியோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப பாப்பாவத்தான் வேலைக்கு வெக்கணும்!" அவரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான். சித்தப்பா கேமராவை மேஜைமேல் வைத்தார். மறுநாள் வழக்கம்போல டேனரிக்குப் போனார். முதுகு முடியாமல் போகும்வரை போய்க்கொண்டிருந்தார்.

படம் எடுத்த அன்று திரும்பும் பஸ்ஸிலும் என் பக்கத்து இருக்கை காலியாகத்தான் வந்தது. "வா சித்தப்பா, உக்காரு" என்று கூப்பிட்டேன். முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, படிக்கட்டிலேயே கம்பியைப் பிடித்து நின்றார். பெரியவர்களுக்கு மட்டும் எவ்வளவு காற்று கிடைக்கிறது என்று ஊர் வரும்வரை நான் பொறாமைப்பட்டுக்கொண்டே வந்தேன்.