உடைந்த பல்சக்கரமும் ஓர் ஆங்கிலேய மில் ஊரும்

2024 செப்டம்பர் 21, சனிக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். தூறல். வெளியே பன்னிரண்டு டிகிரி என்று மகளின் கார் காட்டியது. வட இங்கிலாந்தில் ஒரு பழைய மில் ஊரில் நானும் என் மனைவியும் மகளும் காரிலிருந்து இறங்கினோம். என் கைப்பையில் துண்டில் சுற்றிய இரும்பு இருந்தது. எடை இரண்டு கிலோ எழுநூறு கிராம்.

அந்த இரும்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, ஒரு ஷெட் வைத்திருக்கிறான். இரண்டு நூலைச் சேர்த்து ஒன்றாக முறுக்கிக் கொடுக்கும் வேலை. டபுளிங் என்போம். ஷெட்டில் இரண்டு ஃபிரேம்கள், அதாவது முறுக்கும் இயந்திரங்கள். ஒன்று கோயம்புத்தூரில் செய்தது. மற்றது இங்கிலாந்தில் செய்தது. மூடிய மில் ஒன்றிலிருந்து ஏலத்தில் எடுத்தது. அதன் பக்கவாட்டு வார்ப்பில் கம்பெனியின் பெயரும் தெருவும் இந்த ஊரின் பெயரும் கையளவு எழுத்தில் இருக்கின்றன. வருமானத்தில் பாதிக்கு மேல் அந்த ஃபிரேமில்தான் வந்தது. ஏப்ரலில் அதன் பல்சக்கரம் ஒன்று உடைந்தது.

நான் ஒரு நூல் மில்லில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஆண்டுக் கையிருப்பு எடுக்கும்போது என் கணக்கில் ஒரு போல்ட் கூடியதும் இல்லை, ஒரு வாஷர் குறைந்ததும் இல்லை. ஆகவே உடைந்த சக்கரத்தை மைத்துனன் என்னிடம்தான் கொண்டுவந்தான். விளிம்பில் ஒரு துண்டு பல்லோடு பெயர்ந்து போயிருந்தது. இத்தனை பல் என்று எண் குத்தியிருக்கும் இடமும் அந்தத் துண்டோடு போயிருந்தது. துண்டு கழிவு மூட்டையோடு எங்கோ போய்விட்டது. மீதி இருந்தவற்றை எண்ணினேன். ஐம்பத்தாறு. காலி இடத்தில் நான்கு பல் இருந்திருக்கும் என்று முடிவு செய்தேன். மொத்தம் அறுபது. வெள்ளைக்காரன் செய்த பொருளில் அறுபது இருப்பது எனக்கு இயல்பாகத் தோன்றியது. மணிக்கு அறுபது நிமிடம் என்பதைப் போல.

ராஜபாளையத்தில் எங்களுக்கு வழக்கமான லேத் பட்டறைக்காரர் ஒருவர் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கடையில் அதிகம் எதுவும் பேசாதவர். அவர் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார், காலி இடத்தில் காம்பஸை வைத்துப் பார்த்தார்.

"சார், அஞ்சு பல்லு வரும்போலத் தெரியுது," என்றார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் உதிரிப் பாகங்களை எண்ணியவன் நான் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அவர் அறுபது பல் வெட்டிக் கொடுத்தார். மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். அது பதினோரு நாள் ஓடி மூன்று பல்லை உதிர்த்தது. இன்னொன்று வெட்டினார். அது ஒன்பது நாள் ஓடியது. நான் பட்டறைக்குப் போய், வேறு மூன்று வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, இரும்பு மட்டம் என்று சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் மைத்துனனிடம், இனி வேறு பட்டறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்டில் பழைய இரும்பு வியாபாரி ஷெட்டுக்கு வந்து ஃபிரேமைச் சுற்றிச் சுற்றி நடந்தார். வங்கித் தவணை இரண்டு நின்றிருந்தது. செப்டம்பர் முடிவதற்குள் ஃபிரேம் ஓடவில்லையென்றால் எடைக்குக் கொடுத்துவிடுவது என்று பேசி முடித்தார்கள். அங்கே வேலை செய்த ஆறு பெண்களில் மூன்று பேரை நிறுத்துவது என்றும் முடிவானது. நாங்கள் மகளைப் பார்க்கப் புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்பு மைத்துனன் வீட்டுக்கு வந்தான்.

"அத்தான், லோக்கல் வீல் இதுக்குத் தாங்காது. ஒரிஜினல் வேணும். மக இருக்க ஊருக்கும் அந்த ஊருக்கும் எம்புட்டுத் தூரம்?"

ஐம்பத்திரண்டு மைல் என்று மகள் போனில் சொன்னாள். அவ்வளவுதான் விசாரித்தோம். இயந்திரத்தில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறதோ அந்த ஊரில் அதன் ஸ்பேர் கிடைக்கும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் சந்தேகப்படாத விஷயம். அந்தக் கம்பெனி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டி இரண்டு கிலோ கூடுதல் என்று மூவாயிரத்து இருநூறு ரூபாய் வாங்கினார்கள். சக்கரத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று மனைவி சொன்னாள். சக்கரத்துக்காகத்தான் பெட்டியே என்று நான் சொல்லவில்லை.

ஃபிரேமில் உள்ள பெயரையும் தெருவையும் வைத்துத் தேடிப் போன இடத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருந்தது. பழைய செங்கல் சுவர் ஒன்றை மட்டும் கார் நிறுத்தத்துக்கு ஓரமாக விட்டுவைத்திருந்தார்கள். நான் உள்ளே போய், பொருள் திருப்பிக் கொடுக்கும் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் சக்கரத்தைக் காட்டினேன். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, நன்றாகப் பார்த்துவிட்டு, ரசீது இருக்கிறதா என்று கேட்டார்.

"அப்பா, வெளிய வாங்க," என்றாள் மகள்.

அதன் பிறகு அவள் ஊரைச் சுற்றிக் காட்டினாள். கால்வாய் ஒன்று இருந்தது. பஞ்சு மூட்டை ஏற்றி வந்த கால்வாய் என்று பலகை சொன்னது. இப்போது வாத்துகள், பதினேழு. தொழிலாளர் வீடுகள் ஒரே சுவரில் ஒட்டி ஒட்டி வரிசையாக இருந்தன. ஒரு வரிசையில் இருபத்திரண்டு கதவுகள், இருபத்திரண்டு குப்பைத் தொட்டிகள். புகைபோக்கி மூன்றுதான் மிச்சம். அவற்றில் ஒன்றின் அடியில் இருந்த மில்லை வீடுகளாகப் பிரித்து விற்றிருந்தார்கள். ஊருக்குப் பின்னால் மரமே இல்லாத மேடுகள், மேகம் இறங்கி ஆடுகளை மறைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கூமாப்பட்டி மலை மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. மரத்தை எல்லாம் எடுத்துவிட்டால் இருக்கலாம். அன்று புரட்டாசி முதல் சனி. ஊரில் இருந்திருந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றில் பெருமாளைப் பார்க்க இந்நேரம் படி ஏறியிருப்பாள். அதையும் இரண்டு முறை சொன்னாள்.

பழைய மில் ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருப்பதாகவும் அங்கே இயந்திரங்கள் ஓடும் என்றும் மகள் கண்டுபிடித்தாள். ஆளுக்கு எட்டு பவுண்டு. மாடியில் மூன்றாவது கூடத்தில் எங்கள் ஃபிரேம் நின்றது. அதே வார்ப்பு, அதே எழுத்து, அதே பச்சை நிறம். நூல் கோத்து ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனனின் ஷெட்டில் மாதக்கணக்கில் நான் சரியாகக் கேட்காத சத்தம் அது. பழுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் அதை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம்.

நான் என் சக்கரத்தை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் மாறவில்லை. சக்கரத்தைக் கையில் எடைபார்த்துவிட்டு, இது எங்கே ஓடுகிறது என்று கேட்டார். ஏப்ரல் வரை ஓடியது என்றேன். ஒரு சக்கரம் விலைக்குத் தர முடியுமா என்று கேட்டதற்கு, இங்கே இருப்பதெல்லாம் காட்சிப்பொருள், ஒரு ஆணியைக்கூட விற்க முடியாது என்றார். சரி, ஓடுகிற சக்கரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா என்றேன். பன்னிரண்டரைக்கு நிறுத்துவோம், அப்போது பார்க்கலாம் என்றார். அப்போது மணி பதினொன்று ஐம்பது. நாற்பது நிமிடம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"ஊரப் பாக்க வந்துட்டு, இரும்பப் பாத்துக்கிட்டு நிக்காரு," என்று மனைவி மகளிடம் சொன்னாள். "இவரு மில்லுலயே இம்புட்டு நேரம் நின்னுருக்க மாட்டாரு."

நிறுத்தியதும் பெரியவர் மூடியைக் கழற்றினார். கயிற்றைத் தூக்கி என்னை உள்ளே விட்டார். சக்கரத்தின் ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தார். நான் எண்ணினேன். அறுபத்தொன்று. சுண்ணக்கட்டிக் கோட்டை இரண்டு முறை எண்ணியிருப்பேன் என்று நினைத்து, எதிர்த் திசையில் எண்ணினேன். அறுபத்தொன்று. பெரியவர் நான் முடிக்கும்வரை பொறுத்துவிட்டு, விளிம்பில் ஓரிடத்தைத் துணியால் துடைத்து விரலை வைத்தார். அங்கே 61 என்று குத்தியிருந்தது.

என் சக்கரத்தை அதன் மேல் வைத்தேன். ஐம்பத்தாறு பல்லும் ஒன்றோடொன்று பொருந்தின. காலி இடத்தில், கீழே இருந்த சக்கரத்தின் பற்கள் தெரிந்தன. ஐந்து.

ஒரு பல் குறைத்து வெட்டினால் மற்ற எல்லாப் பல்லும் கொஞ்சம் கொஞ்சம் தடித்துவிடும், எதிர்ச் சக்கரத்தில் சரியாக உட்காராது, யார் வெட்டினாலும் எந்த இரும்பானாலும் உதிரும் என்று பெரியவர் விளக்கினார். அதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் முழுவதும் கேட்டேன்.

கீழே டீக்கடை இருந்தது. மகள் மூன்று டீ வாங்கினாள். இந்தியாவில் மாலை ஐந்தரை. மைத்துனனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். 

"அப்ப அந்த மனுசன் சொன்னதுதான் சரியா அத்தான்," என்றான்.

ஆமாம் என்றேன்.

"நாளைக்குப் பழைய இரும்புக்காரரு அட்வான்ஸோட வாராரு. அவர நான் செத்தப் பொறுக்கச் சொல்லுதேன். ஆனா நான் போயி நின்னா லேத்துக்காரரு வாசல்லயே விட மாட்டாரு. நீங்கதான் பேசணும்."

மகள் காதில் விழாமல் பேசலாம் என்று எழுந்தேன். மனைவி கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"மூணு பேரு முன்னாடிதான அவரச் சொன்னீய. இங்க நாங்க ரெண்டு பேருதான இருக்கோம். இங்கயே பேசுங்க."

பட்டறைக்காரர் ஏழாவது முறை மணி அடித்த பிறகு எடுத்தார். பின்னால் லேத் ஓடிக்கொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னேன். தெரியுது என்றார். இங்கிலாந்திலிருந்து பேசுகிறேன் என்றேன். சொல்லுங்க என்றார். காலி இடத்தில் பல் ஐந்து, நான் நான்கு என்று சொன்னது தப்பு, இரும்பைக் குறை சொன்னதும் தப்பு என்று சொன்னேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. லேத் நின்றது.

"மொத்தம் எத்தன சார்?"

"அறுபத்தொண்ணு."

"இன்னொருக்க எண்ணிட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

இரண்டு மாடி ஏறிப் போனேன். மூடியைப் பூட்டியிருந்தார்கள். பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியைத் தாளில் வைத்துவிட்டு எழுந்து வந்து திறந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினேன். ஒரு பள்ளிக் கூட்டம் வந்து பின்னால் நின்றது. அறுபத்தொன்று வந்ததும் பட்டறைக்காரர், திங்கக்கிழம மெட்டீரியல் எடுக்கேன், வெள்ளிக்கிழம வந்து வாங்கிக்கச் சொல்லுங்க என்று வைத்துவிட்டார். வண்டி நிறுத்த வாங்கிய நேரம் அதற்குள் தீர்ந்து, மேற்கொண்டு பணம் கட்டும்படி ஆயிற்று.

வெள்ளிக்கிழமை இரவு மைத்துனன் ஒரு வீடியோ அனுப்பினான். ஒரு நிமிடம் இருபது விநாடி. ஃபிரேம் ஓடியது. சக்கரம் மட்டும் தெரியும்படி எடுத்திருந்தான். அதற்குப் பிறகு தினமும் காலையில், ஓடுதா என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். பதினோராம் நாள் இரண்டு முறை கேட்டேன். பழைய இரும்பு வியாபாரி பிறகு வரவில்லை. நிறுத்துவதாக இருந்த மூன்று பெண்களுக்கு, தங்களை நிறுத்துவதாக இருந்தது என்பதே தெரியாது.

அக்டோபர் கடைசியில் ஊர் திரும்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் நான்கு பேர் இருந்தார்கள். எனக்கு வேண்டியது மூன்று பேர்தான். அவர்கள் கேட்கும்படி, இவர் இரும்பில் குறை இல்லை, என் எண்ணிக்கையில்தான் குறை என்று சொன்னேன். நால்வரில் ஒருவர், எந்த இரும்பு என்று கேட்டார். பட்டறைக்காரர் பால்கோவாவை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, உட்காருங்க சார் என்று ஸ்டூலைக் காலால் தள்ளினார். உட்கார்ந்தேன். அவர் வேலையைப் பார்த்தார். அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

உடைந்த இரண்டு சக்கரத்தின் விலையையும் மைத்துனனிடம் கொடுத்தேன். அவன் வேண்டாம் என்றான், பிறகு வாங்கிக்கொண்டான். ஓடுகிற சக்கரம் நாலாயிரம்; அதையும் நானே கொடுத்தேன். விமான டிக்கெட்டை இதில் சேர்க்கவில்லை, அது மகளைப் பார்க்கப் போனது. பால்கோவா, பெட்டியின் கூடுதல் எடை, அருங்காட்சியகம், டீ, கார் நிறுத்தம் எல்லாம் சேர்த்து, நான் குறைத்துச் சொன்ன அந்த ஒரு பல்லுக்கு எனக்கு ஆன செலவு இருபதாயிரத்து இருபத்தெட்டு ரூபாய் ஐம்பது காசு.