அந்தோணியார் நின்ற ஜாடி

ரியோ நகரத்துக் கம்போவாத் துறைமுகச் சரிவில் சுல்மிரா என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பேசின் சுல்மிரா என்று கேட்டால் பால்காரனின் கோவேறு கழுதைகூட வழி காட்டும். சனிக்கிழமை காலையில் அவள் பழைய எனாமல் பேசினைக் கரண்டியால் தட்டிக்கொண்டு எங்கள் குடியிருப்பு வளவைச் சுற்றி வருவாள். தூங்குகிறவன், குடித்துவிட்டுக் கிடக்கிறவன், ஜெபமாலை உருட்டுகிறவள் எல்லாரும் எழுந்து, வீட்டில் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரை முற்றத்தில் கொண்டுவந்து கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் அவளே உள்ளே நுழைந்து கொட்டுவாள். ஆகாதவர்கள் வைத்த பெயர்தான் பேசின். அவளுக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இத்தனைக்கும் தண்ணீரால் பிழைத்தவள் அவள். காப்பித் தோட்டத்தில் பிறந்து, சிறுமியாக அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ரியோவுக்கு வந்தவள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனைக் கட்டினாள். பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்து அவன் மேல் மூட்டைகள் விழுந்தபோது, மகன் ஜோவினோ நடை பழகிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாமே எங்கள் ஒண்டுக்குடித்தன வளவின் துவைகல் தொட்டிதான். இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், நடுவில் கல் பாவிய முற்றம், ஒரே குழாய், அதை ஒட்டிக் கல்தொட்டிகள். கடற்கரைப் பக்கத்துப் பெரிய வீடுகளின் அழுக்கெல்லாம் அங்கே வந்து, கஞ்சியும் நீலமும் போட்டுத் திரும்பிப் போகும். அந்தத் தொட்டிகளை நம்பித்தான் வளவில் பாதி அடுப்பு எரிந்தது.

ஜோவினோ மீசை அரும்பியதும் கரையோரக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனான். பெலெம் துறைமுகத்தில் அவனைப் பார்த்ததாக ஒரு மாலுமி வந்து சொன்னான். அதோடு சரி. ஒரு வருஷம் போனது, இன்னொன்றும் போனது. அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைத்துவிடச் சொன்னார்கள் பக்கத்து அறைக்காரிகள். சுல்மிரா துணி பிழிவதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"பூசை செத்தவனுக்கு. என் பையன் காணாமப் போயிருக்கான், அவ்வளவுதான்."

காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது யார் பொறுப்பு என்பது எங்களுக்குத் தெரியும். அவளிடம் மரத்தில் செதுக்கிய அந்தோணியார் ஒருவர் இருந்தார், ஒரு முழம்கூட இல்லாத உருவம், கையில் குழந்தை இயேசு. அவரைத் தலைகீழாக ஒரு மண்ஜாடிக்குள் இறக்கி, இடுப்பளவு தண்ணீர் ஊற்றி, கட்டிலுக்கடியில் தலைமாட்டுப் பக்கமாக வைத்தாள். எங்கள் பெண்கள் முக்கால்வாசிப் பேர் எப்போதாவது செய்ததுதான் இது. பெரும்பாலும் மாப்பிள்ளைக்காகச் செய்வார்கள். கேட்டதைக் கொடுக்கும் வரை சாமி தலைகீழாக நிற்க வேண்டும், அந்தத் தண்ணீரையும் கொட்டக் கூடாது. குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை தோறும் சுல்மிரா ஒரு குவளை ஊற்றினாள்.

அப்படி இருக்கையில், ஒரு தலைமுறையாக ஊரை விட்டுப் போயிருந்த மஞ்சள் காய்ச்சல் அந்தக் கோடையில் திரும்பி வந்தது. பின்னாலேயே கொசு ஒழிக்கிறவர்கள் ஏணியும் மண்ணெண்ணெய் டின்னுமாக வந்தார்கள். எந்த வீட்டைச் சோதிக்கிறார்களோ அதன் வாசலில் ஒரு மஞ்சள் கொடியைச் சொருகி வைப்பார்கள். எங்கள் சரிவுக்கு வாய்த்தவன் பெல்மீரோ. நெட்டைக் காலன், பானையைத் திறக்கும் முன்னால் பானையிடமே மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு மரியாதைக்காரன். வந்த முதல் நாளே, ஒரு வக்கீலின் சட்டைகள் ஊறிக்கொண்டிருந்த சுல்மிராவின் தொட்டியில் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டான்.

"இதையெல்லாம் இப்ப யார் துவைக்கிறது? உங்கம்மாவா?" என்றாள் அவள்.

"அரசாங்க உத்தரவு, அக்கா."

"அப்ப அரசாங்கத்தக் கூட்டிட்டு வா, வந்து துவைக்கட்டும். அது வர்ற வரைக்கும் நீ துவை."

அவன் நிஜமாகவே கையைச் சுருட்டிக்கொண்டு துவைத்தான். வளவே நின்று வேடிக்கை பார்த்தது. துவைத்து முடித்ததும், கோபப்படாமல், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து வெயிலை வாங்கி அவளுடைய நீலப் பீப்பாய்க்குள் அடித்தான். மயிரிழை போன்ற புழுக்கள், வாலால் தண்ணீரின் மேல்பரப்பைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் நெளிந்து உள்ளே ஓடின.

"ஒரு வாரம், பத்து நாள் சும்மா விட்டாப் போதும், றெக்கை முளைச்சிடும். மேல மேல ஊத்துனா போகாதுக்கா. மொத்தமா கவுத்து, உள்பக்கம் தேய்ச்சுக் கழுவணும்."

அன்று முதல் அவனுக்கு அவள் அறை வாசலில் காப்பி கிடைத்தது.

கடைசி அறையில் இருந்த ஸ்பானியத் தச்சன்தான் முதலில் விழுந்தான். கறுப்பாக வாந்தி எடுத்தவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவில்லை. சுகாதார அலுவலகத்திலிருந்து பெரிய டாக்டர் வந்து முற்றத்தின் நடுவில் நின்று பேசினார். இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்து, வளவில் கொசுப்புழுவும் இருந்தால், அத்தனை அறைக்கும் சீல் வைக்க வேண்டியதுதான் என்றார். அவர் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். வளவின் சொந்தக்காரருக்கோ வாயெல்லாம் பல். இடித்துவிட்டுக் கிடங்கு கட்ட அவர் வெகு நாளாகக் காத்திருந்தார்.

டாக்டரின் வண்டி திரும்பும் முன்னாலேயே சுல்மிரா பேசினைக் கையில் எடுத்துவிட்டாள். இந்தத் தொட்டிகளை விட்டு அவள் போவதாக இல்லை. வேறு இடமும் இல்லை. அதைவிட, ஜோவினோ வந்தால் தேடி வரப்போவது இந்த வாசலுக்குத்தான். வாசலே இல்லாமல் போனால் பையன் எங்கே போய் நிற்பான்?

முதல் சனிக்கிழமை சண்டை முன்னறைக் கர்லோத்தாவோடு. அவள் ஜன்னலோரத்தில் பூந்தொட்டிகளை வரிசையாக வளர்த்தவள். ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் ஒரு தட்டு, தட்டில் தண்ணீர். சுல்மிரா எல்லாவற்றையும் கவிழ்த்தாள். வடிகட்டித் திரும்ப ஊற்றிக்கொள்கிறேன் என்று கர்லோத்தா கெஞ்சியும் அவள் கேட்கவில்லை. அந்த வெயிலில் இரண்டு செடி கருகிப் போயிற்று.

"ஊரான் வீட்டு ஜாடியெல்லாம் கவுக்கிறியே, உன் கட்டிலுக்கடியில குனிஞ்சு பாத்தியாடி?" என்று கர்லோத்தா முற்றமே கேட்கக் கத்தினாள்.

"என் ரூம்ல குடிக்கிற கூஜாவத் தவிர ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. வேணும்னா வந்து பாரு."

அவள் பொய் சொல்லவில்லை. கட்டிலுக்கடியில் இருந்தது அவளுக்குத் தண்ணீராகவே தோன்றவில்லை. அது நேர்ச்சை.

சனிக்கிழமைகள் ஓடின. பீப்பாய்கள் தேய்ந்தன, திட்டு வாங்கி சுல்மிராவின் காது மரத்தது, பெல்மீரோவின் கண்ணாடிக்கு ஒன்றும் அகப்படவில்லை. இனிக் கவலையில்லை என்று எல்லாரும் இருந்த நேரத்தில் தியோலிந்தா படுத்துவிட்டாள். போர்ச்சுகலிலிருந்து கப்பலிறங்கிச் சில மாதமே ஆன சின்னப் பெண், சுல்மிராவுக்குப் பக்கத்து அறை. ஊருக்குப் புதிதாக வந்தவர்களென்றால் அந்தக் காய்ச்சலுக்குக் கொள்ளை ஆசை. கஞ்சி போடுவது எப்படி என்று சுல்மிராதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் வெள்ளை மஞ்சளாகிவிட்ட அந்தப் பெண்ணை வண்டியில் ஏற்றும்போது, அவள் சுல்மிராவின் ஏப்ரனை விடாமல் பிடித்துக்கொண்டாள். விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

பெரிய டாக்டர் வியாழக்கிழமை வந்து சோதிப்பதாகச் சொல்லி அனுப்பினார். பெல்மீரோ திங்களும் செவ்வாயும் வளவைக் குடைந்தான். கூரை ஓட்டைப் பிரித்தான், சாக்கடைக் கல்லைப் புரட்டினான், மதில் மேல் பதித்த கண்ணாடிச் சில்லுகளின் குழிவைக்கூட விரலால் துடைத்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. கடைசியில் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கயோ இருக்குக்கா. இந்தக் கொசு சோம்பேறிக் கொசு, பொறந்த வீட்ட விட்டு ரொம்ப தூரம் போகாது. எல்லா ரூமும் பாத்தாச்சு."

"என் ரூம் பாக்கலயே."

"உங்க ரூம எதுக்குக்கா பாக்கணும்?"

அவன் அதை மரியாதையாகத்தான் சொன்னான். அவள் உள்ளே போனாள். செவ்வாய்க்கிழமை என்பது நினைவு வந்து, குவளையில் தண்ணீர் மொண்டு, கட்டிலுக்கடியிலிருந்து ஜாடியை இழுத்தாள். கதவு வழியாக வந்த வெயில் ஜாடிக்குள் விழுந்தது. காலில் வெள்ளை வரி போட்ட கொசு ஒன்று அவள் முகத்தருகே எழும்பிப் பறந்தது. அந்தோணியார் தலைகீழாக நின்றார். அவரைச் சுற்றிலும் அந்தப் புழுக்களும் தலைகீழாகத் தொங்கின.

குவளை கையிலேயே இருக்க, அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தியோலிந்தாவின் கட்டில். தச்சனும் இதனால்தானா? பின்பக்கச் சாக்கடையில் ஓசைப்படாமல் ஊற்றிவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் பெல்மீரோ இன்னும் தேடிக்கொண்டே இருப்பான். வளவு கர்லோத்தாவின் பூந்தொட்டிகளைத்தான் சந்தேகப்படும். அதெல்லாம்கூட அவளைத் தடுக்கவில்லை. கொட்டினால் நேர்ச்சை போயிற்று, நேர்ச்சை போனால் பையன் போனான், அதுதான் அவளைத் தரையோடு அழுத்தியது. கொட்டாவிட்டால் வளவில் இன்னொரு பெண் படுப்பாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. தன் மேலும் வந்தது, அந்தோணியார் மேலும் வந்தது.

செவ்வாய்க்கிழமை பேசின் சத்தம் கேட்டு, பேசினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் வெளியே வந்தார்கள். சுல்மிரா ஜாடியை முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு பெல்மீரோவைப் பார்த்தாள்.

"கண்ணாடிய எடு. உள்ள அடி."

அவன் அடித்தான், பார்த்தான், தொப்பியை மறுபடி கழற்றினான். ஜாடி வாயில் இரண்டு மரப் பாதங்கள் துருத்திக்கொண்டு நின்றதைப் பார்த்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எல்லார் கண்ணும் கர்லோத்தா பக்கம் திரும்பியது. அவள் இப்போது கிழிப்பாள், கிழிக்க நியாயமும் இருந்தது. கர்லோத்தா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தண்ணிய மட்டும் துணியில வடிகட்டித் திரும்ப ஊத்திடலாம் சுல்மிரா. சாமிய எடுக்காத. பையன் விஷயம்."

"ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டாலும் போதும்கா," என்றான் பெல்மீரோ தயங்கித் தயங்கி. அந்தோணியார் தலையில் மண்ணெண்ணெயா என்று நாலு பேர் அவன் மேல் பாய்ந்தார்கள்.

"உன் தட்ட வடிகட்டியா குடுத்தேன் கர்லோத்தா?" என்றாள் சுல்மிரா. "கவுத்தேன்ல. இதையும் கவுக்கணும்."

சாமியை வெளியே எடுத்தாள். ஜாடியைச் சுடுகல் மேல் கவிழ்த்தாள். அத்தனை செவ்வாய்க்கிழமைத் தண்ணீரும் கல்லிடுக்கில் இறங்கிப் போவதற்கு இரண்டு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. தேய்க்கும் நாரை எடுத்து ஜாடியின் உட்புறத்தைப் பரபரவென்று தேய்த்தாள். பிறகு அந்தோணியாரைத் தன் ஏப்ரனால் துடைத்து, நிமிர்த்தி, முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"உமக்குத் தண்ணிக்குள்ள நின்னு பழகிப் போச்சு சாமி. பிள்ளையில்லாம நின்னு பாரும். அப்பத் தெரியும்."

அவர் கையில் குழந்தை ஒரு மர ஆணியில் உட்கார்ந்திருந்தது. அவள் திருகினாள், ஊறிப்போன மரம் கிறீச்சிட்டுக் கழன்று வந்தது.

"என் பிள்ளையக் கொண்டாரும். உம்ம பிள்ளையத் தர்றேன்."

குழந்தையை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, வெறுங்கைச் சாமியை அறைச் சுவரின் பலகையில் நிறுத்திவிட்டு, ஊறிக்கொண்டிருந்த துணிக்குத் திரும்பினாள்.

வியாழக்கிழமை டாக்டர் வந்து தேடிவிட்டு, ஒன்றும் அகப்படாமல் போனார். வளவு நிலைத்தது. தியோலிந்தா வாடி வதங்கித் திரும்பி வந்தாள். ஜாடி விஷயத்தை யாரும் சொல்லும் முன்னால் சுல்மிராவே அவளிடம் சொன்னாள். அந்தப் பெண் வெகு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் நீலம் கடன் கேட்டு வந்தாள், அப்படியே பேச்சு ஒட்டிக்கொண்டது. மகனுக்குப் பூசை வைக்க மாட்டேன் என்றவள், அந்த ஸ்பானியத் தச்சனுக்கு வருஷம் தவறாமல் பூசை வைத்தாள்.

காய்ச்சல் ஊரை விட்டுப் போன பிறகும் சனிக்கிழமை பேசின் சத்தம் நிற்கவில்லை. பெல்மீரோ வேறு பகுதிக்கு மாற்றலாகிப் போனான். குழாய் ஒன்று இரண்டாயிற்று, அதற்கும் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தவள் அவள்தான். ஜோவினோ வரவில்லை. கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் அவள் கை ஏப்ரன் பைக்குள் போவதை நாங்கள் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தோம்.

தலை முழுக்க நரைத்த பிறகு, ஒரு மழைக்காலத்தில் அவள் செத்துப் போனாள். குளிப்பாட்டிய பெண்கள் ஏப்ரன் பையில் அந்தக் குழந்தையைக் கண்டெடுத்தார்கள். விரல் பட்டுப் பட்டு அதன் மூக்கும் வாயும் தேய்ந்து மழுங்கியிருந்தன. அடக்கத்துக்கு வந்த பங்குச் சாமியார் பெரிய மனசோடுதான் சொன்னார், இனியாவது இதை அந்தோணியார் கையில் திரும்ப வைத்துவிடுங்கள் என்று. தியோலிந்தா அதை வாங்கிக்கொண்டு பலகையிடம் போனாள். முதுகு கூனிப் போன கர்லோத்தா குறுக்கே கையை நீட்டினாள்.

"இவ பிள்ளைய அவரு குடுக்கல. அவரு பிள்ளைய நாம எதுக்குக் குடுக்கணும்?"

தியோலிந்தா பலகையை விட்டுத் திரும்பி வந்தாள். சுல்மிராவின் கைக்குள் குழந்தையை வைத்து, விரல்களை மடக்கி மூடினார்கள்.