லைட்டு பத்தல

குழம்பில் உப்பு கூடினால் என் வீட்டுக்காரர் வாய் திறக்கமாட்டார். சட்டையில் பட்டன் போனாலும் கேட்கமாட்டார். ஆனால் அவர் வண்டி ஓட்டுவதில் ஒரு குறை சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். சவுதியில் பாதி ஆயுசு டிரைவராக இருந்தவர். ஊரோடு வந்த பிறகு வாங்கியது இந்தப் பழைய வெள்ளைக் கார். எனக்கும் அவரே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்ததோடு சரி, ஸ்டீயரிங்கை என்னிடம் கொடுத்ததே இல்லை.

ஒரு ஐப்பசி மழையில் மன்னார்குடியிலிருந்து திரும்பும்போதுதான் முதன்முதலாகச் சொன்னார். "லைட்டு பத்தலம்மா."

பழைய வண்டிதானே, பத்தாமல்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசாமலிருக்க அதன் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்திருந்தார்கள். முதலில் அந்தப் பொட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். பிறகு மஞ்சளடித்துப்போன விளக்கு மூடியை டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தார். வீட்டிலிருந்த பேஸ்ட் மொத்தமும் காலி.

"பல்லு விளக்கியாச்சுல்ல, பசியாற என்ன வைக்கட்டும் உங்க வண்டிக்கு?" என்றேன். சிரித்தார். மூடி பளிச்சென்று வந்திருந்தது. கொஞ்ச நாள் அந்தப் பேச்சே இல்லை. அப்புறம் மறுபடியும், "பத்தல."

மன்னார்குடி மெக்கானிக் பேட்டரியிலிருந்து தனியாக வயர் இழுத்து, ரிலே வைத்து, புது பல்பு மாட்டினார். அடுத்த மழைக்கு அதையும் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. அதன் பிறகு பம்பருக்குக் கீழே இரண்டு விளக்கு. கடைசியாகப் போனபோது மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "பாய், இதுக்கு மேல போட்டா எதுத்தாப்ல வர்றவன் வயல்ல இறங்கிடுவான்."

உண்மைதான். சாயங்காலம் நாங்கள் கிளம்பினால் எதிரே வருகிற வண்டியெல்லாம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு எங்களைத் திட்டும். லாரிக்காரர்கள் தலையை வெளியே நீட்டி வாயாலேயே திட்டுவார்கள். "பொறாமை," என்பார் இவர்.

தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் ரோடு பாதிதான் நமக்கு. மீதிப் பாதி நெல்லுக்கு. தாரில் பரப்பிக் காயவைத்து, ஓரத்தில் செங்கல்லோ கருவேல முள்ளோ வைத்திருப்பார்கள். யாரும் சட்டம் பேசுவதில்லை, ஒதுங்கிப் போவோம். இவர் அதில் ரொம்பக் கறார். நெல்லில் சக்கரம் ஏற்றுகிறவனைக் கண்டால் வண்டியை நிறுத்திச் சண்டைக்குப் போவார். "சோத்துல காலை வைப்பியாடா?" என்று கேட்பார்.

அப்படிப்பட்டவர்தான் போன தை மாதம் நன்னிலத்தில் ஒரு நிக்காஹ் முடிந்து ஓட்டிக்கொண்டு வந்தார். மஃரிப் தொழுகை நேரம் தாண்டி லேசாக இருட்டியிருந்தது, இடதுபக்கம் நெல் கிடந்தது. எனக்கு வெகுதூரத்திலேயே தெரிந்தது. எங்கள் விளக்கில் ரோடு பட்டப்பகலாக இருந்தது. செங்கல் தெரிந்தது, குவியலின் மேல் சொருகியிருந்த விளக்குமாறு தெரிந்தது, நெல்மணிகூடத் தெரிந்தது. இப்போது ஒடிப்பார், இப்போது ஒடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒடிக்கவில்லை. செங்கல் தெறித்தது. வண்டி நெல்லுக்குள் புகுந்து சறுக்கி நின்றது.

குவித்துக்கொண்டிருந்த அம்மாள் ஓரமாகத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அல்லாஹ் காப்பாற்றினான். "கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். இவர் இறங்கினார். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் மண்டியிட்டு, சக்கரத்துக்கடியில் கையை விட்டு நெல்லை அள்ளி அள்ளிக் குவியல் பக்கம் தள்ளினார். "மன்னிச்சுக்கம்மா. லைட்டு பத்தல."

அந்த அம்மாளின் முகத்தில் எங்கள் விளக்கு அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. கண் கூசி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு இவரைப் பார்த்தார். இவர் தள்ளிய நெல்லில் பாதி குவியலில் சேராமல் பக்கத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது. அந்த அம்மாளின் கோபம் அடங்கிப்போனது. என்னிடம் வந்து மெதுவாக, "நீங்க அவர எந்திரிக்கச் சொல்லுங்கம்மா, நான் கூட்டிக்கிறேன்," என்றார்.

எனக்கு முன்னால் ஒரு ஊர் பேர் தெரியாத பொம்பளைக்குப் புரிந்துவிட்டது.

தஞ்சாவூரில் கண் டாக்டர் கண்நீர் அழுத்த நோய் என்றார். ஓரத்துப் பார்வை முழுக்கப் போய்விட்டது, குழாய்க்குள் பார்ப்பது மாதிரி நடுவில் கொஞ்சம்தான் மிச்சம், போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். "எப்பருந்து சரியாத் தெரியல?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன், கறுப்புப் பொட்டைச் சுரண்டினதிலிருந்து என்று. டாக்டருக்குப் புரியவில்லை. இவருக்குப் புரிந்தது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சாவியை என் கையில் போட்டுவிட்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். அந்த பல்புகளை மாற்றிப் பழையதைப் போட்டுவிடலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். எதிரே வருகிறவர்களிடம் இப்போது நான் திட்டு வாங்குகிறேன்.

போன வாரம் மருந்து வாங்கிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து திரும்பினோம். அந்தி சாயும்போதே விளக்கைப் போட்டுவிட்டேன். அம்மாபேட்டை தாண்டியதும் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"இருட்டிருச்சுல்ல, இன்னும் லைட்டு போடலியா?"

விளக்கு வெள்ளையாக ரோடு முழுக்க எரிந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டினேன். விளக்கை அணைத்தேன். சுவிட்சின் சத்தம் அவருக்குக் கேட்கும்படி திரும்பவும் போட்டேன்.

"ஆங்," என்றார். "பாத்தியா, என்னா வெளிச்சம்."