வயரில்லா மவுஸும் மேரியின் இடது கையும்

தி.நகரில் இனாயத் பாயின் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, "சார் யாரும் இல்லீங்களா?" என்றுதான். நாற்பத்து மூன்று வயதில், நரை தெரிய, பருத்திப் புடவையில் நிற்கும் ஆரோக்கியமேரியைப் பார்த்தால் கேமிங் மவுஸ் விற்கிறவள் என்று யாருக்குத் தோன்றும்? "நான்தான் கீறேன். இன்னா வேணும், கேளுங்க" என்பாள் மேரி.

கூட்டிப் பெருக்கத்தான் அவளை எடுத்தார் பாய். அப்போது அவள் குடும்பம் கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்தது. அரசாங்கம் வீட்டை இடித்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும் இரண்டு பஸ் மாறி வந்தாள். பெருக்கி முடித்த கையோடு, புதிதாக வந்த மவுஸை எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பாள். விவரம் கேட்டால் கடையில் இருந்தவர்கள் "உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார்கள். அந்தக் கடுப்பிலேயே கற்றுக்கொண்டாள். ஒரு நாள் விற்கிற ஆள் வரவில்லை. மூன்று மவுஸ் விற்றுக் காட்டினாள். அன்றிலிருந்து ஆறு வருஷமாக மவுஸ் விற்கிற கண்ணாடி மேசை அவளுடையது.

கேள்விகள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்? பெட்டியில் நூறு மணி நேரம் என்று போட்டிருப்பான்; அது லைட்டை அணைத்து வைத்தால். கலர் கலராக எரியவிட்டால் முப்பதைத் தாண்டாது. வயர் இல்லாததால் ஆட்டத்தில் தாமதமாகுமா? கூட வருகிற ரிசீவரைச் செருகினால் ஆகாது, ப்ளூடூத்தில் ஆடினால் ஆகும். டி.பி.ஐ. இருபத்தாறாயிரம் வேண்டுமா? "மவுஸ நவுத்துனா அம்பு எவ்ளோ வேகமா ஓடும்ன்ற கணக்கு சார் அது. ஆயிரத்து அறுநூறே தாராளம். நம்பருக்குத் துட்டு அழாதீங்க." இந்த உண்மை விளம்பல் பாய்க்குப் பிடிக்காதுதான். ஆனால் திரும்பி வந்து சண்டை போடுகிறவர்கள் குறைந்துபோனதால் பேசாமல் இருந்தார்.

'இடது கைக்கு ஒத்து வருமா?' ஆறு வருஷத்தில் இதைக் கேட்டவர்கள் ஏழே பேர். ஏழு முகமும் மேரிக்கு நினைவிருக்கிறது. அவளும் இடது கைக்காரி. சின்ன வயதில் அம்மா அந்தக் கையைத் துணியால் கட்டிப் போட்டாள். கல்யாணமான புதிதில் அவள் நீட்டிய காபியை மாமனார் தொடவில்லை. கையும் மசியவில்லை, அவளும் மசியவில்லை. கடையில் மட்டும் வம்பு வேண்டாம் என்று பொருளை மேசைமேல் வைத்துவிடுவாள், அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒளித்துப் பிழைப்பதில் அவளுக்குத் தன்மேலேயே கோபம் உண்டு.

போன வாரம் கடை திறந்ததும் முதல் ஆளாக அபிராமபுரத்துக்காரர் ஒருவர் மகனுக்கு மவுஸ் வாங்க வந்தார். இருபது நிமிஷம் துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "வெயிட்டு எப்படின்னு பாக்கலாம், குடும்மா" என்று கையை நீட்டினார். வழக்கம்போல் மேசைமேல் வைக்காமல், மேரி இடது கையால் கொடுத்தாள். அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, காலங்காத்தால இடது கையாலயா குடுப்ப?"

பாய் பதறி எழுந்து வந்தார். முதல் வியாபாரமான போணி கெட்டால் நாளே கெட்டது என்று நம்புகிற மனிதர் அவர். "மேரி, சோத்தாங்கையால குடு. சார் கைல சாரி சொல்லு."

இவ்வளவு நேரம் அவள் மூளை வேண்டியிருந்தது, கை மட்டும் ஆகாதா?

"சாரி இன்னாத்துக்கு பாய்? இந்தக் கையாலதான் துன்றேன், இதாலதான் என் புள்ளைக்கு ஊட்டுனேன். மாத்திக் குடுக்க மாட்டேன்."

வந்தவர் முணுமுணுத்தபடி வெளியேறினார். பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா திமிரு உனுக்கு! போணியையே கெடுத்துட்டியே. இனிமே மேசப் பக்கம் வராத. போய்த் தொடப்பத்த எடு."

"வேலைய வுட்டு அனுப்புங்க, போறேன். தொடப்பம் எடுக்க மாட்டேன்."

சம்பளம் நின்றால் வீட்டில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு அவள் நகரவில்லை.

அந்த நேரத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி மவுஸ் வாங்க வந்தாள். பாய் மேரியை ஒதுக்கிவிட்டுத் தானே முன்னால் நின்றார்.

"லைட்டு போட்டு ஆடுனா சார்ஜ் எவ்ளோ நேரம் நிக்கும் அங்கிள்?"

பாய் மவுஸ் பெட்டியைப் பார்த்தார். "நூறு மணி நேரம்மா."

"லைட்டு போட்டா?"

"அதான்மா, நூறு."

"ப்ளூடூத்ல ஆடுனா லேட் ஆகுமா?"

பாய் பெட்டியை மூன்று தரம் திருப்பினார். அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் பாய் திரும்பினார். "சொல்லேன் மேரி."

"சொல்றேன் பாய். எந்தக் கையால எடுத்துக் குடுக்கணும், அத நீங்க மொதல்ல சொல்லுங்க."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாய் பெட்டியை மேரி பக்கம் தள்ளினார்.

"உன் கையாலயே குடு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மேரி மவுஸை எடுத்து இடது கையால் நீட்டினாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். அன்றைக்குப் போணி அதுதான்.