வளைவுக்குப் பின்னால் வந்த பஸ்

மலையூரான கவுஞ்சிக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டருக்கு நரைத்த மீசை, காதிடுக்கில் பேனா. ஊர்ப் பெயர்களோடு செல்போன் டவர் போகும் இடங்களையும் கூவுவார். "பேசறவங்க வெரசா முடிங்க, அடுத்த வளைவுல டவர் போயிரும்!"

ஒருநாள் எனக்குப் பேத்தி பிறந்த செய்தி போனில் வந்தது. "மக எப்படி இருக்கா?" என்று கேட்பதற்குள் பஸ் வளைவைத் தாண்டிவிட்டது; லைன் கட்டானது. என் முகத்தைப் பார்த்த கண்டக்டர் விசிலடித்து நிறுத்தினார். இறங்கிப் பின்னால் நின்று, "வரலாம், வரலாம்" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்து, பஸ்ஸையே டவர் இருந்த இடத்துக்குப் பின்னோக்கி வரவழைத்தார்.

மறுபடி போன் போட்டேன். மகளே பேசினாள். நன்றாக இருந்தாள்.

"இனி கவுஞ்சியிலதாங்க டவரு. அதுவரைக்கும் சந்தோசமா உக்காந்து வாங்க" என்றார்.

பஸ் புறப்பட இரண்டு விசில்தான். அன்று மூன்று அடித்தார். மூன்றாவது என் பேத்திக்கு என்றே வைத்துக்கொண்டேன்.