பேத்தை மீனுக்கு நல்ல தண்ணீர்

நான் தொட்டியில் வளர்க்கும் பேத்தை மீனுக்கு உவர்நீர் இன்றியமையாதது. தண்ணீரில் உள்ள உப்பைக் கருவியால் அளந்தே ஊற்றுவேன்.

இன்று பள்ளிக்குக் கிளம்புமுன், கடலோடு சேரும் எங்கள் உவர்நீர் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவிடம், தொட்டிக்கு ஏரித் தண்ணீர் மாற்றிவைக்கச் சொன்னேன்.

மாலையில் மீன் அடியில் சாய்ந்து கிடந்தது. கருவி உப்பே இல்லை என்றது.

"என்னம்மா ஊத்தினீங்க?"

"நல்ல தண்ணி, வாத்தியாரே. ஊட்டுக்கு வந்த உசுருக்கு உப்புத் தண்ணியா குடுப்பாங்க? எங்களுக்குக்கூட இல்லாம பம்புல நின்னு புடிச்சாந்தேன்."

கோபப்படவும் வழியில்லை. வாளியுடன் ஏரிக்கு ஓடினேன். ஏரித் தண்ணீரை ஊற்றி நெடுநேரம் கழித்தே மீன் துடுப்பசைத்தது.

"பாத்தியா, நான் ஊத்துனதுல தாகம் தீந்துடுச்சு! நாளைக்கும் நல்ல தண்ணி கொண்டாரேன்," என்றார் கன்னியம்மா.

அவருக்கு உப்பின் அவசியத்தைப் புரியவைக்கத் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். நாளையும் எனக்குப் பள்ளி உண்டு.