பெயரைக் காட்டிக்கொடுத்த தளம்

ஓசூரில் ஒரு மொபைல் கடையின் மாடியில் நானும் என் கூட்டாளியும் இணையதளங்கள் செய்து கொடுத்துவந்தோம். அவள் பெங்களூரில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். எதையும் நிதானமாகச் செய்வாள். எனக்கு வேகம்தான் பெருமை.

ஒரு நாள் ஒரு பெண்மணி வந்தார். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. உட்கார்ந்ததும் அந்தக் கையைத்தான் முதலில் மேசைமேல் வைத்தார்.

"பவர் பிரஸ் மெஷின் சார். கை உள்ள போனா நிறுத்துற சென்சார கழட்டிட்டு ஓட்டச் சொன்னாங்க. ஆஸ்பத்திரில, வூட்டு பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டான்னு எழுத வெச்சாங்க."

அவரைப் போல அடிபட்ட சிலர் ஒன்றுசேர்ந்திருந்தார்கள். எந்த மெஷினில் என்ன விபத்து நடந்தது என்று தொழிலாளிகளே போனிலிருந்து தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ எழுத ஒரு வெப் ஆப் வேண்டும். எழுதுகிறவர் பெயர் மட்டும் வெளியே தெரியக் கூடாது.

அதை எந்த மென்பொருள் தளத்தின் மேல் கட்டுவது என்பதில் எங்களுக்குள் சண்டை வந்தது. எனக்குக் கைப்பழக்கமான தளம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம், நகைக்கடை எல்லாவற்றுக்கும் அதில்தான் செய்வேன். பத்து நாளில் முடித்துவிடலாம் என்றேன்.

"அது பிளாக் எழுதுறவங்களுக்குன்னு செஞ்சது. எழுதுனவன் யாருன்னு ஊருக்குச் சொல்றதுதான் அதோட வேலையே. ஒரு எடத்துல மறைச்சா இன்னொரு எடத்துல காட்டும். எத வெளிய விடணும்னு நாமளே முடிவு பண்ற மாதிரி ஒன்ன எடுப்போம். ஒரு மாசம் கூட ஆவும், அவ்ளோதான்" என்றாள்.

என் வேலையை மட்டமாகப் பேசுகிறாள் என்று பட்டது. கத்தினேன். கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அவள் உதிர்ந்த எழுத்துகளைக் குனிந்து பொறுக்கினாள். "பண்ணு" என்றாள்.

பண்ணினேன். பதிவின் கீழே பெயர் வரும் வரியை நீக்கினேன். அது போதும் என்று நினைத்தேன்.

முதலில் எழுதியவர் பாகலூர் பக்கத்து ஆள், பிரஸ் ஆபரேட்டர். தகட்டை அழுத்தும் டை இறங்கியபோது பக்கத்து மெஷின்காரரின் கை உள்ளே இருந்ததாம். கையுறையை உருவினால் விரல்கள் அதற்குள்ளேயே நின்றுவிட்டனவாம். தரையைக் கழுவிவிட்டு, அதே மெஷினில் உடனே வேறு ஆளை நிறுத்தினார்களாம்.

நாலாம் நாள் மதியம், ஷிப்ட் முடிந்து வந்த அவரை பஸ் ஸ்டாப்பில் வைத்து மூன்று பேர் இரும்புக் குழாயால் அடித்தார்கள். அந்தக் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் லேபர் கான்ட்ராக்டரின் ஆட்கள். முழங்கை நொறுங்கியது. தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. கம்பெனி பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் கண்ணாடியைச் சாத்திக்கொண்டார்கள்.

செய்தி வந்ததும் என் கூட்டாளி தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சின்ன வரியைச் சேர்த்துத் தட்டினாள். பதிவுசெய்திருந்த எல்லோருடைய பெயர்களும் வரிசையாக வந்து நின்றன. கான்ட்ராக்டரின் ஆட்களும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள். அவள்தான் தளத்தை நிறுத்தினாள்.

மறுநாள் காலை, தளத்தின் அடியில் போட்டிருந்த எங்கள் முகவரியை வைத்து அதே மூவர் மாடியேறி வந்தார்கள்.

"எவன்டா இதச் செஞ்சது?"

நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். "நாங்கதான்" என்று அவள் எழுந்தாள். ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அப்போதுதான் எனக்கு உடம்பு அசைந்தது. நாற்காலியைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். அவன் அலறியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். இரண்டு பற்கள் போயின. மானிட்டர்களை உடைத்துவிட்டுப் போனார்கள்.

வீங்கிய வாயோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாகலூர்க்காரரின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்துக் கேட்டார்: "எங்க வூட்டுக்காரரு பேரு அவங்களுக்கு எப்டிங்கண்ணா தெரிஞ்சுது?"

"என்னாலதான்மா. நான் சரியா மறைக்கல."

ஓங்கி அறைந்தார். இரண்டாவது முறை கை ஓங்கியபோது, கட்டிலில் கிடந்தவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பித் தடுத்தார். அறையைவிட அதைத்தான் தாங்க முடியவில்லை.

போலீசில், அடித்தவர்கள் அடையாளம் தெரியாத நபர்கள் என்று எழுதினார்கள். விரல் இழந்த பெண்மணி மட்டும் விடவில்லை. "மறுபடி கட்டுங்க" என்றார். இந்த முறை ஒவ்வொரு மென்பொருள் தளத்தையும் அவர் முன்னால் திறந்து காட்டினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டார்: "பேரு மறைஞ்சிருக்குமா, இல்ல உள்ள இருக்கவே இருக்காதா?"

என் கூட்டாளி முதலிலேயே சொன்ன வகையைத்தான் எடுத்தோம். எழுத வருகிறவரிடம் அது பெயரும் கேட்காது, நம்பரும் கேட்காது. நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அவள் சரிபார்த்தாள். இரண்டு மாதம் ஆனது. நான் ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை.

பாகலூர்க்காரர் இப்போது ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறார். கை முழுதாக நீளாது. அவர் மறுபடி எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. போன வாரம் யாரோ தெலுங்கில் இரும்பு கடையும் ஒரு லேத் மெஷினைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதில் ரத்தம் என்ற சொல் ஒன்பது முறை வந்தது.